முகக்கவசம் யாருக்காக?



நாளொன்றுக்கு ஐந்து முறை கையும் முகமும் காலும் கழுவித் தொழுகைக்கு நிற்கின்ற சமுதாயம் நம்முடையது. விரல் இடுக்கில் தண்ணீர் புகுந்ததா, முழங்கையில் உலர்ந்த இடம் ஏதேனும் எஞ்சியதா என்று பார்த்துப் பார்த்து ஒளுச் செய்கின்ற பேணுதல் நம்மிடம் இருக்கின்றது. தூய்மையை ஈமானோடு இணைத்தே போதித்த மார்க்கத்தைப் பின்பற்றுகின்றோம் என்று மேடைதோறும் பெருமிதத்தோடு கூறுகின்றோம். அத்தகைய நாம், மருத்துவமனையின் வாயிலில் ஒருவர் எதிர்வந்து, "கையைக் கழுவிவிட்டு வாருங்கள், முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்" என்று கூறிய மாத்திரத்தில் முகம் சுளிக்கின்றோமே, இஃது ஏன்?

இக்கேள்வியைப் பிறரை நோக்கித் தொடுக்கும் உரிமை எனக்கில்லை. முதற்கண் அஃது என்னை நோக்கியே வந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகின்றேன், தீர்ப்பைத் தாங்களே வழங்குங்கள்.

ஒரு பெஞ்சில் கற்ற பாடம்

மழைக்காலத்து மாலை நேரம் அது. நான்கு நாட்களாகச் சளியும் இருமலும் என்னை வாட்டிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரிலுள்ள ஒரு சிறிய மருத்துவமனைக்குச் சென்று, டோக்கன் பெற்றுக்கொண்டு பெஞ்சில் அமர்ந்தேன். மகளின் வயதொத்த ஒரு நர்ஸ் அருகே வந்து, "ஐயா, இருமுகிறீர்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று பணிவோடு கூறினார். எனக்குச் சினம் மூண்டது. "கொரோனா போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டனவே, அம்மா! இன்னும் எதற்கு இந்த வேடம்?" என்றேன். அருகிலிருந்த இருவர் சிரித்தனர். அச்சிரிப்பு எனக்கு இனித்தது என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும்.

அப்பெண் மறுமொழி கூறாமல் உள்ளே சென்று ஒரு முகக்கவசத்தை எடுத்து வந்தார். குனிந்து, பிறர் காதில் விழாதவாறு, "ஐயா, இது உங்களுக்காக இல்லை, அந்தப் பையனுக்காக" என்றார். அவர் காட்டிய பக்கம் திரும்பினேன். ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன். தலைமுடி முற்றிலும் உதிர்ந்திருந்தது. புற்றுநோய்ச் சிகிச்சையின் இடையில் இருக்கின்ற பிள்ளை அவன். நான் வந்தபோது என்னை அடுத்து அமர்ந்திருந்த அவனை, அவனுடைய தாய் எப்பொழுதோ எழுப்பி அழைத்துச் சென்று சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "இங்கே வந்து உட்காருங்கள், அம்மா" என்று நான் எழுந்தேன். அவரோ, "பரவாயில்லை, ஹஜ்ரத்; நாங்கள் நின்றுகொள்கிறோம்" என்றார்.

"ஹஜ்ரத்" என்ற அச்சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அவர் என்னை அறிந்தவர். என் பயானைக் கேட்டவர். வாயை மூடி இருமுங்கள் என்று சொல்ல அவர் எண்ணியிருப்பார். ஆயினும் ஓர் ஆலிமிடம் அவ்வாறு கூறுவது மரியாதைக் குறைவாகுமே என்று தம் நாவை அடக்கிக்கொண்டு, நோயுற்ற பிள்ளையைக் கால் கடுக்க நிறுத்தியிருக்கின்றார். அதற்கு முந்தைய ஜும்ஆவில் நான் பேசிய பொருள் யாது தெரியுமா? அண்டை அயலாரின் உரிமைகள்!

எனக்கு வந்தது ஒரு வாரத்தில் அகன்றுவிடும் சளி. புற்றுநோய் மருந்துகளோ நோயை எதிர்க்கின்ற வெள்ளணுக்களையும் சேர்த்தே குறைத்துவிடுபவை. எனக்குச் சிறு தொல்லையாகத் தோன்றிய அதே கிருமி, அப்பிள்ளையை மரணத்தின் வாயில்வரை கொண்டுசென்றிருக்கக் கூடும். அச்சிறுவனைப் பின்னர் நான் காணவில்லை. அவனுக்காகத் துஆச் செய்யாத நாளுமில்லை.

அபராதம் போயிற்று; அணிவதும் போயிற்று

முகக்கவசத்தின்மீது மக்களுக்கு இத்துணை வெறுப்பு எவ்வாறு வந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுப் பரவியபோது, பொது இடங்களில் முகக்கவசம் அணியாதோருக்கு 200 ரூபாயும், எச்சில் துப்புவோருக்கு 500 ரூபாயும் அபராதம் என்று தமிழக அரசு விதித்தது. அன்றைய நெருக்கடியில் அஃது இன்றியமையாததாகவே இருந்தது. ஆயினும் அபராதம் நமக்கு ஒரு தவறான பாடத்தையும் கற்பித்துவிட்டது. முகக்கவசம் என்பது காவலருக்குக் காட்டவேண்டிய ஒரு பொருள் என்று நாம் எண்ணிவிட்டோம். தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, சாலையின் முனையில் காக்கிச் சட்டை தெரிந்ததும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டோம். அச்சத்தால் அணிந்தது அச்சம் நீங்கியதும் நீங்கிற்று.

2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மருத்துவமனைகளுக்குள் அனைவரும் முகக்கவசம் அணியவேண்டும் என்று தமிழகத்தில் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் 5-ஆம் நாள், கொரோனா இனி உலகளாவிய அவசரநிலை அன்று என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பின்னதைக் கேட்டுக்கொண்ட நாம் முன்னதை மறந்துவிட்டோம். கடைத்தெருவில் முகக்கவசம் தேவையற்றுப் போனதால் மருத்துவமனையிலும் அது தேவையற்றது என்று முடிவு கட்டினோம். கடைத்தெருவும் மருத்துவமனையும் ஒன்றாகுமா? பிழை இங்கேதான் இருக்கின்றது.

காத்திருப்போர் அறை எத்தகைய இடம்?

கடைத்தெருவில் பெரும்பாலோர் நலத்தோடு நடமாடுகின்றவர்கள். நோயைப் பரப்பக்கூடியவர்களும், நோயைத் தாங்கவியலாத வலுவற்றவர்களும் ஒரே கூரையின் கீழ், முழங்கை உரசும் நெருக்கத்தில், மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் இடம் மருத்துவமனையின் காத்திருப்போர் அறை.

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். அந்நோயுள்ள பிள்ளை எழுந்து சென்ற பின்னரும் இரண்டு மணி நேரம் வரை அவ்வறையின் காற்றில் அக்கிருமி தங்கியிருக்கக்கூடும் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. நம் நாட்டில் தட்டம்மைக்கான முதல் தடுப்பூசி ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைகளுக்கே போடப்படுகின்றது. அவ்வாறாயின், தாயின் மடியில் கிடக்கும் ஐந்து மாதக் குழந்தைக்கு அந்த அறையில் அரண் யாது? சுற்றியிருப்போரின் கவனத்தைத் தவிர வேறு பெரிய அரண் அதற்கில்லை.

காசநோயைப் பாருங்கள். உலகின் காசநோயாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவிலேயே இருக்கின்றனர். இந்நோய் பற்றிய ஒரு பெரும் உண்மை நம் சென்னை மாநகரிலேதான் நிலைநாட்டப்பட்டது. 1956-இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தில், நோயாளரை ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினர் தத்தம் வீட்டிலுமாக வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தனர். வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவிற்குக் குணமடைந்தனர். அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றிவிடவில்லை. 1959-இல் வெளிவந்த இம்முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியமைத்தது. இதனால் நாம் அறியவேண்டுவது யாது? முறையாக மருந்துண்ணும் காசநோயாளரைக் கண்டு ஒதுங்கி ஓடவேண்டியதில்லை. மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தும், தமக்கு இன்ன நோய் என்று இன்னும் அறியாமல், முதன்முதலாக மருத்துவரைக் காண வந்து பெஞ்சில் அமர்ந்திருப்பவரிடமிருந்தே பிறருக்குத் தொற்று மிகுதியாகச் செல்கின்றது. அவர் யார் என்பது அவருக்கே தெரியாது. அவர் நானாக இருக்கலாம், தாங்களாகவும் இருக்கலாம்.

கைகளின் கதையும் இத்தகையதே. மருத்துவமனையில் சேர்க்கப்படும் 100 நோயாளரில், செல்வ நாடுகளில் 7 பேரும், ஏனைய நாடுகளில் 15 பேரும், தாம் கொண்டு வராத ஒரு புதிய தொற்றை அங்கேயே பெறுகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் எடுத்துரைத்தது. கழுவப்படாத கை இதற்கு ஒரு முதன்மையான காரணம். நோய் தீர்க்கச் சென்ற இடத்தில் புதியதொரு நோயை வாங்கி வருவது எத்துணைப் பெரிய கொடுமை!

மருத்துவர்களே மறுத்த காலம்

பாமர மக்கள்தாம் இவ்விதிகளை எதிர்க்கின்றனர் என்று கருதிவிடாதீர்கள். கற்றறிந்தோரின் கர்வமே இதில் முந்தி நின்றது என்று வரலாறு சான்று பகர்கின்றது.

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சியரும் பயிற்சி பெற்றனர். மாணவர்கள் பணியாற்றிய பிரிவில் பேறுகாலக் காய்ச்சலால் தாய்மார்கள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் காரணத்தைத் தேடினார். பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று உணர்ந்தார். 1847-ஆம் ஆண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் 100-க்கு 18-ஆக இருந்த இறப்பு, ஜூனில் 2 என்னும் அளவிற்குத் தாழ்ந்தது. எனினும் பெரிய மருத்துவர்கள் பலர் இதனை ஏற்க மறுத்தனர். கனவான்களின் கை அழுக்காக இருக்குமா என்ற மனப்பான்மை அவர்களைத் தடுத்தது. தம் கையே பல தாய்மாரைக் கொன்றது என்று ஒப்புக்கொள்ளுதல் அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. 1865-இல் செம்மல்வைஸ் ஒரு மனநோய் விடுதியில் உயிர்நீத்தார். உலகம் அவர் சொன்னதைப் பின்னரே ஏற்றது.

கையின் கதை அதுவாயின், முகக்கவசத்தின் கதை வடகிழக்குச் சீனத்தில் இருக்கின்றது. 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் கொடிய பிளேக் பரவியது. பினாங்கில் பிறந்த ஊ லியன் தே என்ற மருத்துவர் அங்கு அனுப்பப்பட்டார். இந்தப் பிளேக் நுரையீரலைத் தாக்கி, மூச்சின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகின்றது என்று கண்ட அவர், பஞ்சும் வலைத்துணியும் கொண்டு தைத்த முகக்கவசத்தை அனைவரும் அணியவேண்டும் என்றார். மெனி என்ற அனுபவமிக்க பிரெஞ்சு மருத்துவர் அதனை ஏளனம் செய்தார்; முகக்கவசமின்றியே நோயாளரைப் பார்வையிட்டார்; 1911 ஜனவரியில், சில நாட்களுக்குள் அதே பிளேக்கிற்கு இரையானார். அதன்பின் நகரத்தார் ஏளனம் செய்யவில்லை. ஏறத்தாழ 60,000 உயிர்களைக் குடித்த அந்நோய் அடுத்த சில மாதங்களில் அடங்கியது.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் நேர்வது யாது என்பதற்குத் தென்கொரியா அண்மைக் காலச் சான்று. 2015-இல் மத்திய கிழக்கு நாடுகளிலிருந்து திரும்பிய ஒருவர், தமக்கு மெர்ஸ் என்னும் தொற்று இருப்பதை அறியாமல் மருத்துவமனைகள் பலவற்றுக்குச் சென்றார். அவரிடமிருந்து தொடங்கிய பரவலில் 186 பேர் நோயுற்றனர். 38 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர், நெரிசல் மிகுந்த ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் இருந்ததனால் மட்டும் 80 பேருக்கு மேல் தொற்றுப் பெற்றனர். நோயாளருக்குத் துணையிருக்க உறவினரும், நலம் விசாரிக்க நண்பரும் திரளாக வந்து சூழ்வது அந்நாட்டு வழக்கம். பரவலுக்கு அதுவும் துணைபோயிற்று. இவ்வழக்கம் நமக்கு அந்நியமானதா, சொல்லுங்கள்!

நம் மார்க்கம் காட்டும் வழி

ஈண்டு நம்மில் சிலர், "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கும், இத்தனை கட்டுப்பாடு எதற்கு?" என்று வினவுகின்றனர். இறைவனின் நாட்டமின்றி அணுவும் அசையாது என்பது நம் ஈமான். அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஈமானை நமக்குப் போதித்த அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதைப் பாருங்கள்.

அண்ணலார் தும்மும்பொழுது தம் கையாலோ ஆடையாலோ திருமுகத்தை மூடிக்கொண்டு ஓசையையும் தாழ்த்திக்கொள்வார்கள் என்று அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர். கிருமி என்ற சொல்லே அறியப்படாத காலத்தில், அருகிலிருப்போரை மனத்தில் கொண்ட நற்பண்பு அது. வெங்காயமும் பூண்டும் பச்சையாக உண்டவர், அவ்வாடை நீங்கும்வரை பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்றும் அவர்கள் தடுத்தார்கள். ஹலாலான உணவு, ஆயினும் அதன் வாடை பக்கத்தில் நிற்பவருக்குத் தொல்லை! வாடையால் வரும் சிறு தொல்லைக்கே இறையில்லத்தில் இத்தகைய தடை உண்டென்றால், மூச்சால் வரும் நோய்க்கு, நோயாளர் நிறைந்த அறையில், எத்துணைக் கட்டுப்பாடு வேண்டும்!

தகீப் கோத்திரத்தாரின் தூதுக்குழு ஒன்று மதீனா வந்தபோது, அவர்களுள் ஒருவர் குட்டநோய் உற்றிருந்தார். கைப்பற்றிச் செய்யும் பைஅத்தை அவர் செய்யவேண்டியிருந்தது. தங்கள் பைஅத்தை நாம் ஏற்றுக்கொண்டோம், தாங்கள் திரும்பிச் செல்லலாம் என்ற பொருள்பட அவருக்குச் செய்தி அனுப்பினார்கள் அண்ணலார். இதனை முஸ்லிம் நூலில் காணலாம். இங்கே இரண்டு செய்திகள் இருக்கின்றன. கூட்டம் காக்கப்பட்டது, அம்மனிதரின் கண்ணியமும் காக்கப்பட்டது. விலகியிருக்கச் சொல்வது இழிவுபடுத்துவதாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

உமர் (ரலி) அவர்களின் வரலாற்றைத் தாங்கள் அறிவீர்கள். ஷாம் நாட்டை நோக்கிச் சென்ற அவர்கள், ஸர்க் என்னுமிடத்தில் அங்கு கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்றுத் தோழர்களிடம் ஆலோசனை கேட்டுத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்தா ஓடுகின்றீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கின்றோம் என்ற கருத்தில் விடையளித்த உமர் (ரலி) அவர்கள், செழித்த சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எச்சரிவில் மேய்த்தாலும் அது விதிப்படியே அன்றோ என்று விளக்கினார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லாதீர்கள். அவ்வூரில் இருந்தால் வெளியேறாதீர்கள் என்ற நபிகளாரின் கட்டளையை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தபோது அம்முடிவு உறுதியாயிற்று. தவக்குல் என்பது முயற்சியைக் கைவிடுவதன்று என்பதற்கு ஸஹாபாப் பெருமக்களின் வாழ்வே விளக்கம்.

இன்னொரு செய்தியையும் கூறவேண்டும். ஸஹீஹுல் புகாரிக்கு ஃபத்ஹுல் பாரி என்ற பேருரை தந்த இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள், தம் புதல்வியர் மூவரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர்கள். பத்லுல் மாஊன் என்று கொள்ளைநோயைப் பற்றியே ஒரு நூல் யாத்தார்கள். அதில் தாம் கண்கூடாகக் கண்ட ஒன்றைப் பதிவு செய்கின்றார்கள். ஹிஜ்ரி 833-இல் கெய்ரோ நகரில் நாளொன்றுக்கு 40 பேருக்கும் குறைவாகவே மாண்டுகொண்டிருந்த வேளையில், மக்கள் நோன்பு நோற்றுத் திறந்தவெளியில் பெருந்திரளாகக் கூடித் துஆக் கேட்டுத் திரும்பினர். அம்மாதம் முடிவதற்குள் நாள்தோறும் மாண்டோர் தொகை 1,000-ஐக் கடந்துவிட்டது. துஆ தவறென்று அந்த மாமேதை கூறவில்லை. அவ்வாறு கூட்டம் கூட்டியதையே அவர்கள் ஏற்கவில்லை. கண்ணால் கண்ட உண்மையை மறைக்காமல் எழுதிய அந்நேர்மை நமக்கும் வேண்டும்.

சில ஐயங்கள்

"தொற்று என்பதே இல்லை என்று ஹதீஸ் இருக்கின்றதே" என்று சிலர் வாதிடுவர். ஒரு நோய், தானாகவே, இறைவனின் அனுமதியின்றித் தொற்றும் ஆற்றல் உடையது என்ற அறியாமைக் காலக் கொள்கையையே அந்த ஹதீஸ் மறுக்கின்றது என்று விரிவுரையாளர் பலர் விளக்கியுள்ளனர். குட்டநோயிலிருந்து விலகியிருக்குமாறும், நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ளவற்றோடு கலக்கவேண்டாம் என்றும் பணித்தவர்கள் அதே நபிகளாரே அல்லரோ!

கைகளில் தேய்க்கும் கிருமிநாசினியில் ஆல்கஹால் உள்ளதே என்று தயங்குவோரும் உண்டு. இத்தயக்கம் பேணுதலால் விளைவது. இதனை இகழ்தல் கூடாது. முஸ்லிம் உலக லீக்கின் இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம் 2002 ஜனவரியில் மக்காவில் கூடியபோது, கிருமிகளைக் கொல்லவும் காயங்களைத் தூய்மை செய்யவும் ஆல்கஹாலை வெளிப்பூச்சாகப் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்திருக்கின்றது. அதன் பின்னரும் எவருக்கேனும் மனம் ஒப்பவில்லையாயின், சோப்பும் தண்ணீரும் இருக்கவே இருக்கின்றன. நாற்பது முதல் அறுபது நொடி வரை சோப்பிட்டுக் கழுவுதல் நிறைவான தூய்மை. கையில் அழுக்குத் தெரியும்பொழுது கிருமிநாசினியைவிட அதுவே சிறந்ததும் ஆகும். "ஒளுச் செய்துவிட்டுத்தானே வந்தேன்" என்று கூறுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒளுவின் நன்மை மறுக்க முடியாதது. ஆனால் அதன்பின் பேருந்தின் கம்பியையும், ரூபாய் நோட்டையும், மருத்துவமனைக் கதவையும் தொட்ட கை அதே கைதான்.

முகக்கவசம் மூச்சை முட்டுகின்றது என்பது மற்றொரு குறை. மூச்சுத் திணறலோடு வந்தவரையும் சிறு குழந்தையையும் எவரும் வற்புறுத்தலாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பொதுவாகக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2020-இல் கூறியிருக்கின்றது. ஏனையோருக்கு அது சிறிது நேரத்து அசௌகரியமே. அந்த அசௌகரியத்தோடு பல மணி நேர அறுவைச் சிகிச்சை செய்கின்ற மருத்துவர்களை நினைத்துக்கொள்வோம்.

முகக்கவசத்தால் எல்லா நோயும் நின்றுவிடுமா என்று கேட்டால், நின்றுவிடாது. ஓரங்கள் தளர்ந்த சாதாரண முகக்கவசத்தின் பக்கங்களில் காற்று நுழையும், வெளியேறவும் செய்யும். ஆயினும் இருமுகின்றவரின் வாயிலிருந்து தெறிப்பவற்றின் பெரும்பகுதியை அது அங்கேயே தடுத்து நிறுத்துகின்றது. அணிந்தவருக்குத் தரும் காப்பைவிட, அருகிலிருப்போருக்குத் தரும் காப்பே அதன் தனிச்சிறப்பு. எனவேதான் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்ற வீரப்பேச்சுக்கு இவ்விடத்தில் பொருளே இல்லை என்கின்றேன். கேள்வி தங்களைப் பற்றியதன்று, அன்பரே! ஹக்குல் இபாத் என்னும் அடியார்களின் உரிமையைப் பற்றியது. அவ்வுரிமையில் குறை வைத்தால், பாதிக்கப்பட்டவரே மன்னிக்கவேண்டும் என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம். பெஞ்சில் பக்கத்திலிருந்து நோய் பெற்றுச் சென்றவரை நாம் எங்கே தேடி மன்னிப்புக் கேட்பது?

மருத்துவமனை நடத்துவோருக்கும் ஒரு சொல்

நீதி இரு பக்கமும் பேசப்படவேண்டும். வாயிலில் பெரிய எழுத்தில் விதியை எழுதிவைத்துவிட்டு, கை கழுவும் குழாயில் தண்ணீரும் சோப்பும் இல்லாமல் விட்டால் அவ்விதியை யார் மதிப்பர்? நோயாளருக்கு முகக்கவசம் கட்டாயம் என்று கூறும் ஊழியர், தம் முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டிருந்தால் மக்கள் நகைக்கமாட்டார்களா? ஒரே கையுறையோடு ஒருவர் பின் ஒருவராகப் பல நோயாளரைத் தொடுவது தூய்மையாகுமா? கூலி வேலை செய்து வந்த ஏழையிடம், "முகக்கவசம் வாங்கி வா" என்று அதட்டுவதைவிட, வாயிலில் ஒரு பெட்டி நிறைய வைத்து அன்போடு ஒன்றைத் தருதல் மேலன்றோ! சன்னல்களைத் திறந்துவைத்தால் காற்றோட்டம் இலவசமாகக் கிடைக்கும். இருமுவோருக்குத் தனி இடமும், அவர்களை முன்னதாகப் பார்த்து அனுப்பும் ஏற்பாடும் செய்தால் பாதித் துன்பம் குறையும். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மன்சூரி மருத்துவமனையில் காய்ச்சல் நோயாளருக்கும், கண் நோயாளருக்கும், அறுவைச் சிகிச்சைக்கும் வெவ்வேறு கூடங்கள் இருந்தன. அன்றே இயன்றது இன்று இயலாதா?

எனக்கு முகக்கவசம் தந்த அந்த நர்ஸ் விதியைச் சொன்ன முறையை இன்றும் எண்ணி வியக்கின்றேன். பலர் முன்னிலையில் அவர் என்னைத் தலைகுனியச் செய்திருக்கலாம். குனிந்து, தணிந்த குரலில், காரணத்தைச் சொன்னார். அபராதம் மாற்றாத என் மனத்தை அந்த ஒரு சொல் மாற்றிற்று.

நாம் செய்யவேண்டுவன

அன்பர்களே! செய்யவேண்டியவை மிகவும் எளியவை. சளி, இருமல், காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் செல்லும்பொழுது வீட்டிலிருந்தே ஒரு முகக்கவசத்தை எடுத்துச் செல்லுங்கள். மூக்கும் வாயும் முகவாயும் மூடுமாறு அணியுங்கள். அஃது இல்லாவிடில் கைக்குட்டையாலோ துப்பட்டாவாலோ, அதுவுமில்லாவிடில் முழங்கை மடிப்பாலோ வாயை மூடி இருமுங்கள். உள்ளே நுழையும்பொழுதும் வெளியேறும்பொழுதும் கைகளைக் கழுவுங்கள். கண்ட இடத்தில் துப்பாதீர்கள். உடலில் கொப்புளமோ தடிப்போ கண்ட பிள்ளையை அழைத்துச் சென்றால், பெஞ்சில் அமர்வதற்கு முன்னரே ஊழியரிடம் தெரிவித்துவிடுங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளத் தயங்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணமில்லை.

நோயாளரை நலம் விசாரித்தல் நம் மார்க்கம் ஏவிய உயர்ந்த கடமை. அதனை விட்டுவிடுங்கள் என்று எவரும் கூறார். ஆயின் பத்துப் பேராகத் திரண்டு சென்று, கட்டிலில் அமர்ந்து, ஊர்க்கதை பேசி ஒரு மணி நேரம் கழிப்பது விசாரிப்பாகாது. ஒருவர் இருவராகச் சென்று, கை கழுவி, சற்று நேரம் நின்று, ஆறுதல் கூறி, துஆச் செய்து திரும்புவதே நோயாளருக்கு இதமளிக்கும். நமக்கே சளி பிடித்திருந்தால், அன்று செல்லாமலிருப்பதுதான் நாம் அவருக்குச் செய்யும் உபகாரம். வீட்டிலிருந்து செய்யும் துஆவும் இறைவனைச் சென்றடையும். முஸாபஹாச் செய்ய நீட்டிய கையை நோயின் காரணமாக ஒருவர் பற்றத் தயங்கினால், அதனைப் பகையாகக் கொள்ளாதீர்கள். தகீப் தூதுக்குழுவினர் வரலாற்றை நினைவு கூருங்கள்.

நம் போன்ற ஆலிம்களுக்கும், பள்ளிவாசல் நிருவாகிகளுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் இதில் தனிப் பொறுப்பு உண்டு. நாம் முகக்கவசமின்றி இருமினால் எவரும் நம்மிடம் சொல்லமாட்டார்கள். அவர்களுடைய மரியாதையே அவர்களுக்குத் தீங்காய் முடியும். கேட்கத் தயங்குவோர் கேட்பதற்கு முன்னரே நாம் செய்துவிடவேண்டும்.

இப்பொழுதெல்லாம் என் சட்டைப் பையில், மிஸ்வாக்கோடு ஒரு முகக்கவசமும் இருக்கின்றது. மருத்துவமனையின் படியேறும்பொழுதெல்லாம் சுவரோரம் நின்ற அத்தாயும் பிள்ளையும் என் கண்முன் வருகின்றனர். அவர்களுக்கு இடம் தரும் மனத்தை நம் அனைவருக்கும் வல்ல நாயன் வழங்குவானாக! நோயுற்றோர் யாவருக்கும் பூரண நலத்தை அருள்வானாக! நம் வாயாலோ கையாலோ பிறர் துன்புறாதவாறு நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.